சேஸ் நம்பர் இல்லாத சைக்கிள்

திருகோணமலை எரிசக்தி மையமாகப் போகிறது. 2025 ஏப்ரல் 5 ஆம் திகதி கொழும்பில் இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம், இலங்கை என்று மூன்று நாடுகள் கையெழுத்து வைத்துவிட்டன. வாசகர் பதற்றப்பட வேண்டாம். நாம் மையமாவது இது முதல் தடவையல்ல.

சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. வெள்ளைக்காரன் தன் கடற்படைக்குக் கட்டியவை. இரண்டாம் உலகப் போரைக் கண்டவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் கொள்ளும். அவன் போன பிறகு மேல் தாங்கித் தொகுதியில் நாம் காடு வளர்த்தோம். 2003 இல் இந்தியாவின் லங்கா ஐ.ஓ.சி. வந்தது. 2022 ஜனவரியில் புதிய ஒப்பந்தம் வந்தது. 14 தாங்கி ஐ.ஓ.சி.க்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரும் சேர்ந்து தொடங்கும் கம்பனிக்கு. கூட்டிப் பாருங்கள், 99 சரியாக வரும். தாங்கிக் கணக்கில் பிழையே இல்லை. அதே வருடம் ஜூன் மாதத்தில் பெற்றோல்தான் இல்லை.

ஜூன் 27 நள்ளிரவிலிருந்து அத்தியாவசிய சேவைக்கு மட்டுமே எரிபொருள் என்றார்கள். வரிசையில் நின்று மனிதர் செத்தார்கள். ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர். 99 தாங்கியுள்ள மாவட்டத்துக்கும் அதே நான்கு லீற்றர்தான். ஆகஸ்டில் மண்ணெண்ணெயை 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே இரவில் ஏற்றினார்கள். குச்சவெளிக் கரையில் வள்ளம் தள்ளுகிறவனுக்கு அந்த இரவு இன்னும் விடியவில்லை.

அந்த வருடம் சைக்கிளை மறந்தவர்கள் எல்லாம் சைக்கிளைத் தேடினார்கள். உடனே சைக்கிளுக்கும் விலை ஏறியது. இந்த நாட்டில் ஏழை எதைத் தொட்டாலும் அது சொகுசுப் பொருளாகிவிடும்.

இனி விசயத்துக்கு வருவோம். இறக்கக்கண்டியில் ஒரு பொடியன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் ஜீப் வந்துவிடும். நிலாவெளியைத் தாண்டி, புல்மோட்டை வீதியில் பாலத்தடியில் வீடு. திருமலை நகரத்துக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். பஸ் வரும்போது வரும். மோட்டார் சைக்கிள் வாங்கக் காசில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை மூடினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். திறந்த கதவில் வரியைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஐந்து வருடம் பழைய இரும்புக்குப் புதுவிலை கொடுத்த சனம் நாம். எனவே பொடியன் தானே ஒன்றைச் செய்ய முடிவெடுக்கிறான்.

அவன் சாதாரண சைக்கிளுக்கு ஆசைப்படவில்லை. குரூசர் வேண்டுமாம். நீண்ட சட்டகம், தாழ்ந்த சீற், மாட்டுக்கொம்பு போல் விரிந்த ஹாண்டில், நான்கு அங்குல அகலத்தில் ரயர். கடற்கரை மணலிலும் புதையாது. நிலாவெளி ஹொட்டல் வாசலில் வெள்ளைக்காரன் இறங்கிப் படமெடுக்கிற மாதிரி. வறியவனுக்கு அழகுணர்ச்சி இருக்கக்கூடாது என்று சட்டம் இன்னும் வரவில்லை. வரும்வரை ஆசைப்படட்டும்.

சட்டகத்துக்குப் பழைய லுமாலா ஒன்றையும் இரும்புக் குழாயையும் எடுத்துக்கொண்டு கேற் அடிக்கிற வெல்டிங் கடைக்குப் போகிறான். நடுவில் வெட்டி நீட்டி, கீழே பற்றரிக்குப் பெட்டி வைத்து ஒட்டவேண்டும். வெல்டிங்காரர் நிமிர்ந்து பார்த்து, "மகன், இது உடைஞ்சா என்னத் தேடி வரப்படாது" என்கிறார். உத்தரவாதம் இல்லை என்பதை முகத்துக்கு நேரே சொன்ன ஒரே நிறுவனம் அந்தக் கடைதான்.

பின்சில்லுக்குள் 3,000 வாட் மோட்டார். அதற்கு 72 வோல்ற் பற்றரி. 3.6 வோல்ற் செல் இருபதைத் தொடராக இணைத்தால் 72 வரும். ஐந்து அம்பியர்மணி செல் என்றால் நான்கு வரிசை வேண்டும். மொத்தம் 80 செல். ஒவ்வொன்றையும் நிக்கல் பட்டியால் புள்ளி வெல்டிங் செய்யவேண்டும். ஈயப்பற்று வைத்தால் சூட்டில் செல் செத்துவிடும். செல்களைக் காவல்காக்க ஒரு சுற்றுப் பலகை வேண்டும். ஒரு செல் அளவுக்கு மேல் ஏறினாலும் இறங்கினாலும் அது கரண்டை வெட்டிவிடும். நம் நாட்டில் தன் கடமையைத் தவறாமல் செய்யும் காவல்காரன் அது ஒன்றுதான். காரணம், அது பச்சை நிறப் பலகை. அதற்கு மேலதிகாரி கிடையாது.

புதுச் செல் வாங்க வசதியில்லை என்றால், பழைய வாகனப் பாகம் விற்கும் கொழும்புப் பஞ்சிகாவத்தை இருக்கிறது. ஒரு காலத்தில் நிசான் லீஃப் கார்கள் இந்த நாட்டுக்குக் கப்பல் கப்பலாக வந்தன. அவற்றின் பற்றரிக்கு முறையான குளிரூட்டல் கிடையாது. நம் வெயிலில் சீக்கிரம் சோர்ந்தன. கார் ஓடாத பற்றரியில் சைக்கிள் ஓடும் உயிர் மிச்சமிருக்கும். பொடியன் அதைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றாகச் சார்ஜ் ஏற்றி, எது தாங்கும் எது தாங்காது என்று பிரிக்கிறான். மின்கழிவை என்ன செய்வதென்று கொழும்பில் கருத்தரங்கு நடக்கும். அவன் தாழ்வாரத்தில் நடப்பது வேலை.

மோட்டாரின் அச்சு வெறியோடு சுழன்று கவட்டைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். அதைப் பிடித்து நிறுத்த இரண்டு பக்கமும் தடித்த இரும்புக் கை பூட்டவேண்டும். முன்னும் பின்னும் டிஸ்க் பிறேக். இவையெல்லாம் பொடியனுக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தில் படித்தானா என்று கேட்காதீர்கள். அவனுக்கு ஏ லெவலில் இசற் ஸ்கோர் காணவில்லை. கைப்பேசியில் உலகம் முழுக்க உள்ள பைத்தியக்காரர்கள் செய்வதைப் பார்த்துப் படித்தவன்.

கணக்கைப் பாருங்கள். 80 செல்லிலும் சேர்த்து ஏறக்குறைய 1.4 யூனிற் கரண்ட் நிற்கும். அடக்கி ஓட்டினால் கிலோமீட்டருக்கு 25 வாட்மணி போதும். திருமலைக்குப் போய்வர 40 கிலோமீட்டர். ஒரு யூனிற். அமைச்சர் ஒருவருடைய அறையில் ஏ.சி. அவருக்காகக் காத்திருந்தே இதைக் குடித்துவிடும்.

இவ்வளவு வேலையிலும் அரசாங்கம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். இன்னும் வரவில்லை. முடிந்த பிறகு வரும்.

சைக்கிள் முடிந்து பாலத்தைத் தாண்டி வீதிக்கு வந்ததும் அதற்கு மரியாதை கூடிவிடுகிறது. அது இனிச் சைக்கிள் அல்ல, மோட்டார் வாகனம். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின் கண்ணில் இயந்திரத்தால் உருள்வதெல்லாம் மோட்டார் வாகனம்தான். பதிவு வேண்டும், இலக்கத்தகடு வேண்டும், காப்புறுதி வேண்டும், வருமான அனுமதிப்பத்திரம் வேண்டும். நியாயம். பொடியன் நல்ல பிள்ளை, பதிவுக்குப் போகிறான். கருமபீடத்தில் பேச்சு எப்படிப் போகும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"எஞ்சின் நம்பர்?"

"எஞ்சின் இல்ல சேர், மோட்டார்."

"சேஸ் நம்பர்?"

"சேஸ் நாந்தான் சேர் ஒட்டினது."

"இறக்குமதிப் பத்திரம் எங்க?"

"இறக்குமதி இல்ல சேர். இறக்கக்கண்டி."

அங்கே கதை முடிந்தது. நாரஹேன்பிட்டித் தலைமை அலுவலகத்துக்குப் போ என்பார்கள். நாரஹேன்பிட்டியில் ஒரு படிவம் தருவார்கள். படிவம் எந்த மொழியில் இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நிரப்பிக் கொடுத்தால், உற்பத்தியாளர் யார் என்று கேட்பார்கள். உற்பத்தியாளர் வெயிலில் நாக்கு வறண்டு எதிரேதான் நிற்பார். அவரைத் தெரியாது.

இலக்கத்தகட்டைக் கேட்கிற திணைக்களத்தின் யோக்கியதையையும் பார்த்துவிடுவோம். 2025 இல் இறக்குமதி திறந்து புதுக் கார்கள் வந்து குவிந்தபோது கொடுக்கத் தகடு இல்லை. கோடி ரூபாய்க் கார்கள் தகடில்லாமல் ஊர்வலம் போயின. அதற்கு முன் சாரதி அனுமதிப்பத்திரம் அச்சடிக்க அட்டை இல்லை. இலட்சக்கணக்கான பேர் மடித்து மடித்துக் கிழிந்த கடதாசியோடு வண்டி ஓட்டினார்கள். அது நிர்வாகச் சிக்கலாம். பொடியனுடைய சைக்கிளில் தகடு இல்லையென்றால் குற்றம். வெளிநாட்டுக்காரருக்கோ 2025 ஆகஸ்டிலிருந்து கட்டுநாயக்காவில் விமானத்தால் இறங்கிய கையோடு தற்காலிக அனுமதிப்பத்திரம். விருந்தோம்பல் நம் இரத்தத்தில் ஊறியது. வீட்டுக்காரனைத் திண்ணையில் படுக்கவைத்துவிட்டுச் செய்வோம்.

வலுவைப் பற்றியும் பேசவேண்டும். மின்சார வாகனத்துக்கு இங்கே வரி கிலோவாட்டைப் பார்த்துப் போடப்படுகிறது. 2025 நடுப்பகுதியில் சீனாவின் பி.வை.டி. கார்களை நூற்றுக்கணக்கில் சுங்கம் மறித்து வைத்தது. மோட்டார் 100 கிலோவாட்டா, 150 கிலோவாட்டா என்பது தகராறு. 100தான் என்றது இறக்குமதிக் கம்பனி. சந்தேகம் என்றது சுங்கம். விசயம் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனது. வங்கி உத்தரவாதத்தின் பேரில் கார்கள் வெளியே வந்தன. யார் சொன்னது சரி என்பது எனக்குரிய வேலையல்ல. நான் பார்ப்பது மரியாதையை. 50 கிலோவாட் சந்தேகத்துக்குச் சட்டத்தரணிகள், வங்கி, உத்தரவாதம், விடுதலை. 3 கிலோவாட் சைக்கிளுக்கு உத்தரவாதம் தர எந்த வங்கி வரும்? அதைப் பொலிஸ் நிலையத்துப் பின்வளவில் வேப்பமரத்தடியில் போடுவார்கள். வழக்கு முடிவதற்குள் ரயரைக் கறையான் பார்த்துக்கொள்ளும்.

ஆட்சிக்கு வந்தவர்கள் ஜனாதிபதி செயலகத்துச் சொகுசு வாகனங்களை 2025 இல் ஏலம் விட்டார்கள். கைதட்டினோம். தட்டிய கை காய்வதற்குள் கேட்டுவிடுகிறேன். அவற்றை வாங்கியபோது யாருடைய காசு? தீர்வையற்ற அனுமதிப்பத்திரத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் வாகனம் இறக்கி அதை வேறொருவருக்குக் கைமாற்றிய பரம்பரை எத்தனை? அந்த வரியெல்லாம் வந்திருந்தால் புல்மோட்டை வீதியில் மணிக்கொரு பஸ் ஓடியிருக்கும். பொடியன் 80 செல்லை ஒட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் கண் எரிய உட்கார்ந்திருக்கமாட்டான்.

அந்த வீதியின் மறுகோடியில் இருக்கும் புல்மோட்டையைத்தான் எடுங்கள். கரை முழுக்க இல்மனைற். டைட்டேனியம் உள்ள மணல். 1957 இல் அதற்காகவே அரசு ஒரு கூட்டுத்தாபனத்தைத் தொடங்கியது. உலகத்தின் விலையுயர்ந்த சைக்கிள் சட்டகங்கள் பல டைட்டேனியத்தில் செய்யப்படுகின்றன. நம்முடையது இன்னும் மணலாகவே கப்பலேறுகிறது. இன்னொரு பக்கம், போகலையிலும் கஹட்டகஹவிலும் காரீயம், அதாவது கிராஃபைற், கிடக்கிறது. பாறை வெடிப்பில் நரம்பாக ஓடும் அந்த உயர்ந்த சாதியை வணிக அளவில் தோண்டுகிற நாடு உலகில் இது ஒன்றுதான். லித்தியம் செல்லின் ஒரு முனை காரீயத்தால் ஆனது. செல் எங்கேயிருந்து வருகிறது? சீனாவிலிருந்து. தோண்டுவது நாம். விற்பது நாம். திரும்ப வாங்குவதும் நாம். நடுவில் செய்கிறவன் மட்டும் இங்கே இருக்கக்கூடாது.

கடலுக்கு அப்பால் ஓசூரைப் பாருங்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இரண்டு இளைஞர்கள் 2013 இல் ஏதர் என்று ஒரு மின்சார ஸ்கூட்டர் கம்பனி தொடங்கினார்கள். ஐ.ஐ.டி.யே இடம் கொடுத்து வளர்த்தது. இன்று தொழிற்சாலை ஓசூரில் நிற்கிறது. நம் பக்கத்திலும் திறமைக்குப் பஞ்சமில்லை. கொழும்பில் கோட்ஜென் கம்பனி வேகா என்ற மின்சார வேகக் கார் செய்தபோது பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டன. போடவேண்டியதுதான். ஆனால் இந்தப் பக்கத்துப் பொடியன்கள் பற்றரியும் வயரும் வைத்திருந்தபோது அவர்களுக்கு முதல் பக்கத்தில் வேறு பெயர் கிடைத்தது.

அதை இன்றைய பிள்ளைகள் அறியமாட்டார்கள். போர்க்காலத்தில் வடக்குக்குப் பெற்றோல் தடை. டோர்ச் பற்றரியும் தடை. சனம் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டது. ஒரு துளி பெற்றோலை முகரக் கொடுத்து மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியது. கிழக்கில் சோதனைச்சாவடியில் ஒரு துண்டு வயருக்கு விளக்கம் சொல்லி முடியாமல் உள்ளே போனவர்கள் உண்டு. 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு வயரின் நீளம் முக்கியமல்ல. இந்த அரசு நம் பொறியியலை அறிந்துகொண்டது அப்படித்தான். அந்தப் பார்வை இன்னும் முழுக்கத் தெளியவில்லை என்பது என் கணிப்பு. வேண்டுமானால் இறக்கக்கண்டியில் வீட்டு முற்றத்தில் இரவு பதினொரு மணிக்கு வெல்டிங் பொறி பறக்கவிட்டுப் பாருங்கள்.

இப்போது வெயிலுக்கு வருவோம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறிவிட்டது என்றார் அமைச்சர். இரண்டு கோடிக்கு மேற்பட்ட மனிதர்களை ஒரு குரங்கு இருட்டில் தள்ளியது. பிறகு மின்சாரசபை மெல்ல வாய்திறந்தது. ஞாயிறு பகலில் பாவனை குறைவு, கூரைகளிலிருந்து சூரிய மின்சாரம் அதிகம், வலையமைப்பு தாங்கவில்லை. குரங்குக்குப் பாதி விடுதலை.

ஏப்ரல் 5 ஆம் திகதி இந்தியப் பிரதமரும் நம் ஜனாதிபதியும் கொழும்பிலிருந்தபடியே சம்பூர் சூரிய மின் திட்டத்தைத் தொடக்கிவைத்தார்கள். 120 மெகாவாட். 2006 இல் குண்டுமழையில் விரட்டப்பட்ட மக்களின் ஊர் அது. முதலில் நிலக்கரி என்றார்கள், 2016 இல் அதைக் கைவிட்டார்கள், இப்போது வெயில். அதே நாளில் ஐயாயிரம் வழிபாட்டுத் தலங்களின் கூரைக்கும் சூரியத் தகடு. சாமிக்கும் கரண்ட் வேண்டும்தானே. எட்டு நாள் கழித்து, ஏப்ரல் 13, மின்சாரசபை கூரைச் சூரியத் தகடு வைத்திருப்பவர்களிடம் கெஞ்சியது. புத்தாண்டு விடுமுறை முடியும்வரை தினமும் பிற்பகல் மூன்று மணிவரை நிறுத்திவையுங்கள். மின்சாரம் கூடிப்போய்விட்டது.

திருமலையில் சித்திரை வெயில் எப்படி அடிக்கும் என்று வெளியூர் வாசகருக்குச் சொல்லவேண்டுமா? அந்த வெயிலை வீசி எறி என்றது அரசு. சேமிக்கப் பற்றரி இல்லை என்றது. இறக்கக்கண்டித் தாழ்வாரத்தில் ஒரு பற்றரி இருக்கிறது. மதியத்தில் சார்ஜ் ஏற்றினால் 1.4 யூனிற்றை வாங்கி வைத்துக்கொள்ளும். ஆயிரம் வீட்டில் ஆயிரம் இருந்தால் 1,400 யூனிற். தேசிய வலையமைப்புக்கு அது கடுகளவுதான். ஆனால் அந்தக் கடுகை ஒருவன் சொந்தக் காசில் செய்து வைத்திருக்கிறான். அவனைத்தான் பிடிக்கிறார்கள்.

பொடியன் பக்கமும் ஒரு குட்டு வைக்கவேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. 3,000 வாட் விளையாட்டல்ல. கேற் வெல்டிங்கில் ஒட்டிய சட்டகம் மணிக்கு 60 கிலோமீட்டரில் வெடித்தால் எலும்பு பொறுக்கவேண்டும். பற்றரி தீப்பிடித்தால் தண்ணீர்க் குடத்தோடு ஓடுவதில் பயனில்லை. நியூயோர்க் நகரத்தில் 2023 ஆம் ஆண்டு மட்டும் லித்தியம் பற்றரித் தீயில் 18 பேர் இறந்தார்கள். அந்த நகரம் சைக்கிளைத் தடைசெய்யவில்லை. சான்றிதழ் பெற்ற பற்றரியைத்தான் விற்கலாம் என்று அதே வருடம் சட்டம் போட்டது. இந்தியாவில் 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் இருந்தால் பதிவே தேவையில்லை. அமெரிக்காவில் மத்திய சட்டத்தின் எல்லை 750 வாட். அதற்கு மேலே போனால் அங்கேயும் அது சைக்கிள் அல்ல. ஆகவே இறக்கக்கண்டிக் குரூசர் அந்த நாடுகளிலும் சைக்கிள் அல்ல, மோட்டார் வாகனம்தான். தகடு போடத்தான் வேண்டும்.

போடக் கதவு எங்கே என்பதுதான் கேள்வி. மோட்டார் வாகனச் சட்டத்தின் அச்சை நமக்கு விட்டுப்போன இங்கிலாந்தில், வீட்டில் கட்டிய ஒற்றை மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சோதிப்பிக்க ஒரு முறை இருக்கிறது. பிறேக், விளக்கு, சட்டகம், சத்தம் எல்லாம் பார்ப்பார்கள். தேறினால் இலக்கம். தேறாவிட்டால் திருத்திக்கொண்டு வா. வெள்ளைக்காரன் தாங்கியை விட்டுப்போனான், சட்டத்தின் அச்சை விட்டுப்போனான். கதவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான் போலும்.

போக்குவரத்து அமைச்சர் அவர்களே, புதுத் திட்டம் கேட்கவில்லை. ஆலோசனைக் குழு வேண்டாம். அடிக்கல் வேண்டாம், நாடா வெட்டவும் வரவேண்டாம். மாதத்தில் ஒரு நாள் திருமலைக் கச்சேரியடியில் ஒரு பொறியியலாளரை உட்காரவையுங்கள். இத்தனை வாட்டுக்குக் கீழே சும்மா விடு, அதற்கு மேலே சோதித்து இலக்கம் கொடு என்று ஒரு பக்கத்தில் வர்த்தமானி போடுங்கள். பிறேக்கைப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள், காட்டுவான். பெட்டியைத் திறந்து பற்றரியைக் காட்டச் சொல்லுங்கள், திறப்பான். வரி கேளுங்கள், மற்றவர்கள் கட்டாததைவிட அதிகமாகவே கட்டுவான்.

அதுவும் முடியாதென்றால் சைக்கிளைப் பறித்துக்கொள்ளுங்கள். பறிக்கும்போது பற்றுச்சீட்டையாவது அவனுக்கு விளங்கும் மொழியில் எழுதிக் கொடுங்கள். தமிழ் 1987 முதல் இந்த நாட்டின் அரசகரும மொழி.